பாட்டி ஏன் சும்மா உட்கார்ந்திருக்கிறார்?

திக்லிபூர் வடக்கு அந்தமானில் உள்ள ஊர். பக்கத்தில் சேடில் பீக் மலை இருக்கிறது. அதன் உயரம் 732 மீட்டர். அந்தமான் நிக்கோபார் தீவுகளிலேயே உயரமான மலை அதுதான். வங்காளிகள், ராஞ்சிக்காரர்கள், தெலுங்கர்கள், தமிழர்கள் எல்லோரும் இந்த ஊரில் வாழ்கிறார்கள். கடைத்தெருவில் எல்லோரும் இந்தி பேசுவார்கள். வீட்டுக்குள் அவரவர் மொழி.

அங்கே ஒரு தமிழ்க் குடும்பம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாட்டி. அவருடைய மகன். மருமகள். பள்ளிக்குப் போகும் பேரன்.

பாட்டிக்கு 68 வயது. அவர் கணவர் பி.டபிள்யூ.டி. சாலை வேலைக்காகத் தீவுக்கு வந்தவர். அவர் இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. பாட்டி கீரைப் பாத்தி போட்டார். கோழி வளர்த்தார். கீரையையும் முட்டையையும் கடைத்தெருவில் விற்றார். வங்காளிப் பெண்களோடு இந்தியில் பேரம் பேசுவார். பங்குனி உத்திரம் வந்தால் பால்குடம் எடுக்க முதலில் கிளம்புவது பாட்டிதான்.

இப்போது பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். காலையில் உட்கார்ந்தால் மதியம் வரை அப்படியே இருக்கிறார். பாத்தியில் களை மண்டிவிட்டது. கோழிகள் தீனிக்காகக் கத்துகின்றன. பாட்டி பார்க்கிறார். எழுந்திருப்பதில்லை.

மருமகளுக்குக் கோபம் வந்தது.

"அத்தை, கோழி கத்துறது காதுல விழலையா? கை கால் நல்லாத்தானே இருக்கு? ஒரு பிடி தீனி போட்டா என்ன?"

"போடுறேன்" என்றார் பாட்டி. ஆனால் போடவில்லை.

"எல்லாம் சோம்பேறித்தனம்" என்று மருமகள் முணுமுணுத்தார். இது பல நாள் நடந்தது.

நர்ஸ் அக்கா கேட்ட கேள்விகள்

ஒரு நாள் நர்ஸ் அக்கா வீட்டுக்கு வந்தார். பாட்டிக்கு ரத்த அழுத்தம் பார்த்தார். பாட்டி முகத்தைப் பார்த்தார். திண்ணையைப் பார்த்தார். பிறகு மருமகளைத் தனியாக அழைத்தார்.

"பாட்டி எப்பவுமே இப்படித்தானா?"

"இல்லக்கா. முன்னாடி ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டாங்க."

"எப்போதிலிருந்து இப்படி?"

மருமகள் யோசித்தார். "போன தீபாவளிக்கு நல்லா இருந்தாங்க. பொங்கலுக்கு அப்புறம்தான் இப்படி."

"மறதி உண்டா?"

"உண்டு. குழம்புல ரெண்டு தடவை உப்புப் போட்டாங்க. அதனால, 'அடுப்படிக்கு வராதீங்க அத்தை'ன்னு சொல்லிட்டேன்."

நர்ஸ் அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்.

"சமையலை அவங்க விட்டாங்களா, நீங்க வாங்கிக்கிட்டீங்களா?"

மருமகளால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

இது நல்ல கேள்வி. வயதானவர் ஒரு வேலையைச் செய்யாமல் இருக்க இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, அவருக்கே நாட்டம் போயிருக்கலாம். இன்னொன்று, நாமே அந்த வேலையை அவர் கையிலிருந்து பறித்திருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

"சமையலை நான்தான் வாங்கினேன். ஆனா கோழியையும் கீரையையும் அவங்களேதான் விட்டாங்க" என்றார் மருமகள்.

"அப்போ இது சோம்பலா இருக்காது. நோயா இருக்கலாம். பார்க்கணும்" என்றார் நர்ஸ் அக்கா.

மறதி நோய் என்றால் என்ன?

வயதானால் எல்லோருக்கும் கொஞ்சம் மறதி வரும். மூக்குக் கண்ணாடியை வைத்த இடம் மறக்கும். பிறகு நினைவு வரும். இது நோய் அல்ல.

மறதி நோய் வேறு. மருத்துவர்கள் இதை டிமென்ஷியா என்பார்கள். மூளையின் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைவதால் இது வருகிறது. நினைவு குறையும். கணக்கு தடுமாறும். பழகிய வழி தவறும். நாளடைவில் அன்றாட வேலைகளுக்கே துணை வேண்டியிருக்கும்.

இதில் பல வகை உண்டு. அதிகம் காணப்படுவது அல்சைமர் நோய். அலாய்ஸ் அல்சைமர் ஜெர்மனி நாட்டு மருத்துவர். 1901-ல் அவரிடம் 51 வயதுப் பெண் ஒருவர் வந்தார். அவருக்கு நினைவு தடுமாறியது. அந்தப் பெண் 1906-ல் இறந்தார். அவருடைய மூளையை ஆராய்ந்து, அதே ஆண்டில் அல்சைமர் இந்த நோயைப் பற்றி எடுத்துச் சொன்னார். அதனால் நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது.

நம் நாட்டில் இது எத்தனை பேருக்கு இருக்கிறது? 2023-ல் ஓர் ஆய்வின் கணக்கு வெளிவந்தது. 60 வயதுக்கு மேற்பட்ட 100 பேரில் 7 பேருக்கு மேல் மறதி நோய் இருக்கிறது. மொத்தம் சுமார் 88 லட்சம் பேர். ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம்.

நாட்டமின்மை

மறதி நோய் என்றால் மறதி மட்டும்தான் என்று நாம் நினைக்கிறோம். அது சரியல்ல. பலருக்கு நோயின் தொடக்கத்திலேயே இன்னொரு மாற்றம் வரும். எதிலும் நாட்டம் இருக்காது. தானாக எதையும் தொடங்க மாட்டார்கள். இதற்கு நாட்டமின்மை என்று பெயர் வைத்துக்கொள்வோம். அல்சைமர் நோய் வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் இது காணப்படுகிறது.

இது ஏன் வருகிறது? டோங்கியை நினைத்துப் பாருங்கள். டோங்கியில் டீசல் இருக்கிறது. எஞ்சினும் இருக்கிறது. ஆனால் ஹேண்டில் போட்டுச் சுற்ற ஆள் இல்லை. அப்போது டோங்கி கரையிலேயே நிற்கும். யாராவது சுற்றிவிட்டால் ஓடும்.

நம் மூளையிலும் அப்படி ஒரு பகுதி உண்டு. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதியும், மூளையின் ஆழத்தில் இருக்கும் சில பகுதிகளும் சேர்ந்து வேலை செய்கின்றன. 'எழுந்திரு, செய்' என்று நம்மைக் கிளப்புவது அவைதான். நோய் அந்த இடத்தைத் தொட்டால், கை கால் நன்றாக இருந்தாலும் மனிதர் கிளம்ப மாட்டார்.

அவரைத் திட்டினால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. ஹேண்டில் சுற்றாமல் டோங்கியைத் திட்டுவது போலத்தான்.

சோம்பலா? சோகமா? நாட்டமின்மையா?

இந்த மூன்றும் வெளியே பார்க்க ஒன்று போல இருக்கும். ஆனால் ஒன்று அல்ல.

சோம்பல் குணம் சிறு வயது முதலே இருக்கும். தனக்குப் பிடித்த வேலை என்றால் சோம்பேறியும் எழுந்து ஓடுவார்.

மனச்சோர்வு வந்தவர் மனத்துக்குள் துன்பப்படுவார். அழுவார். "நான் பாரமா இருக்கேன்" என்பார். சாப்பாடும் தூக்கமும் குறையலாம். "செத்துப் போனா நல்லது" என்றுகூடச் சொல்லலாம். இதற்கு நல்ல சிகிச்சை உண்டு.

நாட்டமின்மை வந்தவர் பெரும்பாலும் துன்பப்பட மாட்டார். "எனக்கு என்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பார். அவருக்கு நல்ல செய்தியும் ஒன்றுதான். கெட்ட செய்தியும் ஒன்றுதான்.

சிலருக்கு மனச்சோர்வும் நாட்டமின்மையும் சேர்ந்தே வரும். அதனால் முடிவை மருத்துவரிடம் விட வேண்டும். நம் வேலை கவனிப்பது.

எப்படிக் கவனிப்பது?

காய்ச்சலை அளக்கக் கருவி உண்டு. நாட்டமின்மையை அளக்கக் கருவி இல்லை. கேள்வி கேட்டுத்தான் அளக்க வேண்டும். 1991-ல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் மாரினும் அவருடன் பணி செய்தவர்களும் இதற்காக 18 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலைத் தந்தார்கள். நோயாளியிடம் கேட்கலாம். வீட்டில் இருப்பவரிடம் கேட்கலாம். மருத்துவரும் பேசிப் பார்த்து மதிப்பெண் போடலாம்.

வீட்டாரிடம் ஏன் கேட்க வேண்டும்? நோயாளிக்குத் தன் மாற்றம் தெரியாமல் இருக்கலாம். மருத்துவர் அவரைப் பத்து நிமிடம்தான் பார்ப்பார். வீட்டில் இருப்பவர் நாள் முழுதும் பார்க்கிறார். ஆனால் வீட்டார் சொல்வதை மட்டும் நம்பவும் கூடாது. களைத்துப் போனவர் கோபத்தில் கூட்டிச் சொல்லலாம். அதனால் இரண்டு பேரிடமும் கேட்பது நல்லது.

மூன்று பக்கம் பார்க்க வேண்டும்.

செயல்: சொல்லாமலே ஒரு வேலையைத் தொடங்குகிறாரா? தொடங்கியதை முடிக்கிறாரா?

மனம்: நல்ல செய்தி கேட்டால் முகம் மலர்கிறதா? வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் கவலைப்படுகிறாரா?

உறவு: தானாகப் பேச்சைத் தொடங்குகிறாரா? வீட்டுக்கு வந்தவரை விசாரிக்கிறாரா?

ஒவ்வொன்றிலும் 'முன்பு எப்படி, இப்போது எப்படி' என்று ஒப்பிட வேண்டும். பக்கத்து வீட்டுப் பாட்டியோடு ஒப்பிடக் கூடாது. பிறவியிலேயே குறைவாகப் பேசுபவர் இப்போதும் குறைவாகப் பேசினால் அது நோய் அல்ல. வாய் ஓயாமல் பேசியவர் பேசாமல் போனால்தான் கவனிக்க வேண்டும்.

ஒரு நாள் சும்மா இருந்தால் போதாது. மூன்று பக்கங்களில் இரண்டிலாவது மாற்றம் இருக்க வேண்டும். அது நான்கு வாரமாவது நீடிக்க வேண்டும். அன்றாட வாழ்க்கையையும் அது பாதிக்க வேண்டும். 2018-ல் பல நாட்டு வல்லுநர்கள் கூடித் திருத்திய விதி இது.

படிக்காதவரை எப்படிச் சோதிப்பது?

நினைவைச் சோதிக்கும் கேள்விகளும் உண்டு. முன்பு அவை படித்தவர்களுக்காகவே இருந்தன. 'இதை வாசித்து அதன்படி செய்', 'ஒரு வாக்கியம் எழுது' என்று கேட்டார்கள். பள்ளிக்கே போகாதவர் என்ன செய்வார்? நோய் இல்லாதவருக்கும் மதிப்பெண் குறையும்.

ஹரியானாவில் பல்லப்கர் என்ற பகுதி இருக்கிறது. அங்கே கிராம முதியவர்களிடம் ஆய்வு செய்தவர்கள் இதைக் கண்டார்கள். மேரி கங்குலி முதலிய ஆய்வாளர்கள் கேள்விகளை மாற்றி அமைத்தார்கள். அது 1995-ல் வெளிவந்தது. 'கண்ணை மூடு' என்று எழுதிக் காட்டுவதற்குப் பதில், சோதிப்பவர் தன் கண்ணை மூடிக் காட்டினார். 'நான் செய்வது போலச் செய்யுங்கள்' என்றார். வாக்கியம் எழுதச் சொல்வதற்குப் பதில், 'உங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றார்.

படிப்பு இல்லாதது நோய் அல்ல. சோதனையும் அதை நோய் என்று சொல்லக் கூடாது.

மொழியும் முக்கியம். பல மொழி பேசும் சிலருக்கு, பின்னால் கற்ற மொழி முதலில் தடுமாறலாம். தமிழ்ப் பாட்டியிடம் இந்தியில் மட்டும் கேட்டால் உண்மை தெரியாது. கூடவே ஒருவர் போய்த் தமிழில் கேட்டுச் சொல்ல வேண்டும்.

மருமகளின் நோட்டு

"ஒரு வாரம் கவனிச்சு எழுதி வைங்க" என்றார் நர்ஸ் அக்கா.

மருமகள் மாலை வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர். இதுவரை கையெழுத்துப் போடவும் பஸ் பலகை படிக்கவும்தான் அது பயன்பட்டது. இப்போது பேரனின் பழைய நோட்டை எடுத்தார். மெதுவாக எழுதினார்.

திங்கள்: கோழிக்குத் தீனி போடவில்லை. தீனியைக் கையில் கொடுத்தேன். போட்டார்.

செவ்வாய்: பக்கத்து வீட்டு அக்கா வந்தார். அத்தையாகப் பேசவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார்.

புதன்: பிள்ளைக்குக் காய்ச்சல். அத்தை என்ன ஏது என்று கேட்கவில்லை.

வியாழன்: கீரை ஆயக் கூப்பிட்டேன். நானும் கூட உட்கார்ந்தேன். அரை மணி நேரம் ஆய்ந்தார்.

வெள்ளி: குளிக்க மூன்று முறை சொன்னேன். வாளியை எடுத்து வைத்ததும் குளித்தார்.

சனி: மனசுக்குக் கஷ்டமா என்று கேட்டேன். இல்லையே என்றார். அழவில்லை. நன்றாகச் சாப்பிட்டார்.

ஞாயிறு: இதே மாதிரி நான்கு மாதமாக இருக்கிறது.

புதன்கிழமை எழுதியதை மருமகள் மறுபடி வாசித்தார். முன்பு பேரனுக்கு உடம்பு சுட்டால் பாட்டி இரவெல்லாம் விழித்திருப்பார். நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டே இருப்பார். அந்தப் பாட்டியா கேட்காமல் இருந்தார்? இது சோம்பல் அல்ல என்று மருமகளுக்கு அப்போதுதான் புரிந்தது. திட்டிய நாள்கள் நினைவுக்கு வந்தன. கண் கலங்கியது.

மருத்துவமனையில்

மகன் பாட்டியைத் திக்லிபூர் சமுதாய சுகாதார மையத்துக்கு அழைத்துப் போனார். மருமகளும் போனார். மருத்துவர் இந்தியில் பேசினார். "எனக்கு ஒண்ணுமில்ல" என்றார் பாட்டி. மகன் நோட்டை எடுத்து ஒவ்வொரு வரியாக இந்தியில் சொன்னார். மருத்துவர் முழுவதையும் கேட்டார்.

"யார் எழுதினது?" என்று கேட்டார்.

"என் மனைவி."

"இது எனக்கு ரொம்ப உதவும்" என்றார் மருத்துவர்.

மருத்துவர் உடனே 'மறதி நோய்' என்று சொல்லவில்லை. முதலில் வேறு காரணங்களைத் தேடினார். தைராய்டு குறைந்தாலும் மனிதர் மந்தமாவார். பி12 என்ற வைட்டமின் குறைவு, ரத்தசோகை, ஓயாத வலி இவையும் காரணமாகலாம். காது கேட்காவிட்டால் பேச்சு குறையும். தூக்க மாத்திரைகளும் சில மருந்துகளும் ஆளை மந்தமாக்கும். இவற்றில் பலவற்றைச் சரி செய்யலாம். அதனால் சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பிறகு ஸ்ரீ விஜயபுரம் போகச் சொன்னார். போர்ட் பிளேருக்கு 2024-ல் வைத்த புதிய பெயர் இது. அங்கே ஜி.பி. பந்த் மருத்துவமனை இருக்கிறது. சாலை வழியே சுமார் 300 கிலோமீட்டர். அங்கே சோதனைகள் நடந்தன. மறதி நோயின் தொடக்கம் என்று தெரிந்தது. நாட்டமின்மையும் அதன் பகுதிதான் என்றார்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்?

நாட்டமின்மையை உறுதியாகக் குணமாக்கும் மாத்திரை இல்லை. ஆனால் வீட்டார் செய்யக் கூடியது நிறைய உண்டு.

1. தொடங்கிக் கொடுங்கள். "தீனி போடுங்க" என்று தூரத்திலிருந்து சொல்ல வேண்டாம். தீனியைக் கையில் கொடுங்கள். கூடவே நடங்கள்.

2. வேலையைச் சின்னதாக்குங்கள். "சமையல் செய்யுங்க" என்பது பெரிய வேலை. "இந்த வெங்காயத்தை உரிங்க" என்பது சின்ன வேலை.

3. பழைய பழக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். அவர் ஆசையாகச் செய்தது எது? பாட்டுக் கேட்பதா? பூக்கட்டுவதா? அதைக் கொடுங்கள்.

4. ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் ஒரே வேலை.

5. "என்ன செய்யலாம்?" என்று கேட்டால் திகைப்பார். "கீரையா, பூவா?" என்று கேளுங்கள்.

6. தவறு செய்தால் பெரிதாக்காதீர்கள். வேலையை முழுதாகப் பிடுங்காதீர்கள். அடுப்பும் கத்தியும் இருக்கும் இடத்தில் மட்டும் துணைக்கு நில்லுங்கள்.

7. கவனிப்பவரும் ஓய்வு எடுக்க வேண்டும். ஒருவரே எல்லாவற்றையும் சுமக்கக் கூடாது.

உடனே போக வேண்டிய நேரம்

இரண்டொரு நாளில் திடீரென்று ஒருவர் மந்தமானால் காத்திருக்காதீர்கள். தொற்று நோயோ பக்கவாதமோ இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

"சாகணும்" என்று ஒருவர் சொன்னால் விளையாட்டாக எடுக்காதீர்கள். அவரைத் தனியே விடாதீர்கள். 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். இது அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். இலவசம். தமிழிலும் பேசலாம். முதியோர் உதவிக்கு 14567 என்ற எண் உண்டு.

இப்போது பாட்டி

பாட்டிக்கு நோய் போகவில்லை. மறதி கூடுகிறது. சில நாள் பேரன் பெயர் வாயில் வருவதில்லை.

ஆனால் காலை ஏழு மணிக்கு மருமகள் தீனிக் கிண்ணத்தைக் கையில் கொடுக்கிறார். "வாங்க அத்தை, கோழி காத்துக்கிட்டு இருக்கு" என்கிறார். பாட்டி எழுகிறார். இருவரும் சேர்ந்து போகிறார்கள். சாயங்காலம் பேரன் முருங்கைக்கீரைக் கொத்தைக் கொண்டுவந்து வைக்கிறான். பாட்டி ஆய்கிறார்.

ஒரு நாள் பேரன் கீரையை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். பாட்டி அவன் கையைத் தொட்டார். "சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

மருமகள் நோட்டை எடுத்து அதையும் எழுதி வைத்தார்.

நினைவில் கொள்வோம்

சுறுசுறுப்பாக இருந்தவர் சும்மா உட்கார்ந்தால் திட்டாதீர்கள். கவனியுங்கள்.

முன்பு எப்படி, இப்போது எப்படி என்று ஒப்பிடுங்கள்.

எழுதி வையுங்கள். மருத்துவரிடம் காட்டுங்கள்.

பதில் சொல்லுங்கள்

1. "சமையலை அவங்க விட்டாங்களா, நீங்க வாங்கிக்கிட்டீங்களா?" நர்ஸ் அக்கா ஏன் இப்படிக் கேட்டார்?

2. மனச்சோர்வுக்கும் நாட்டமின்மைக்கும் என்ன வேறுபாடு?

3. கவனிக்க வேண்டிய மூன்று பக்கங்கள் எவை?

4. பல்லப்கரில் சோதனைக் கேள்விகளை ஏன் மாற்றினார்கள்?

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டிலோ தெருவிலோ உள்ள ஒரு முதியவரோடு அரை மணி நேரம் உட்காருங்கள். அவர் முன்பு ஆசையாகச் செய்த வேலை எது என்று கேளுங்கள். பதிலை மூன்று வரியில் நோட்டில் எழுதுங்கள். அடுத்த வகுப்பில் வாசித்துக் காட்டுங்கள்.